கரையடித் தெருவின் நூற்றிருபத்தாறு பேர்

கொளஞ்சிக்கு வளர்மதியின் மேல் கோபம் வந்தது ஐப்பசியில், மழை கொட்டப்போகிறது என்று அவள் சொல்லி ஒரு பொட்டுத் தூறல்கூட விழாத நாளில்.

மீன்சுருட்டிக்கு வடக்கே மூன்று கிலோமீட்டர் உள்ளே போனால் இலுப்பைக்காடு. அந்த ஊரின் ஏரிக்கரைக்குக் கீழே முப்பத்தொரு வீடுகள் இருந்தன. கரையின் அடியில் இருந்ததால் அதற்குக் கரையடித் தெரு என்று பெயர். பாதி ஓட்டு வீடு, பாதி கூரை வீடு, இரண்டே இரண்டு தளம் போட்டவை. தெருவின் கடைசி வீடு கொளஞ்சியுடையது. ஐம்பத்திரண்டு வயது ஆள். சொந்த நிலம் கிடையாது. இருபத்துநான்கு வெள்ளாடுகளும், பஞ்சவர்ணம் என்கிற மனைவியும், எறையூரில் கட்டிக்கொடுத்த சிவரஞ்சனி என்கிற மகளும்தான் அவர் குடும்பம். இந்த வரிசையில் சொன்னால் பஞ்சவர்ணம் முறைப்பாள். ஆனாலும் அவர் அப்படித்தான் சொல்வார்.

வளர்மதி அந்த ஊரின் கிராம உதவியாளர். ஊரில் தலையாரி என்பார்கள். நாற்பதை நெருங்குகிறவள். பள்ளிக்கூட மைதானத்தில் இருக்கும் மழைமானியைத் தினமும் காலை எட்டரை மணிக்குப் பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் என்று தாலுகா ஆபீசுக்குப் போனில் அனுப்புவது அவள் வேலைகளில் ஒன்று. சித்திரை வெயிலிலும் மொபெட்டை உருட்டிக்கொண்டு போய் எட்டிப் பார்த்துவிட்டு, பூஜ்யம் என்று அனுப்புவாள். வானம் காய்ந்து கிடப்பதைப் போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று டீக்கடையில் கேலி பேசியவர்களில் கொளஞ்சியும் ஒருவர்.

ஐப்பசியில் வங்கக் கடலில் ஒரு புயல் உருவாகி, காரைக்காலுக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடக்கும் என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடல் இலுப்பைக்காட்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு அந்தப்பக்கம். ஊரில் பாதிப் பேர் கடலைப் பார்த்ததே பூம்புகாருக்கு வேன் வைத்துப் போனபோதுதான். புயல் என்றால் அது கடற்கரைக்காரர்கள் கவலை என்று இருந்தார்கள். வளர்மதி அப்படி இருக்கவில்லை. “காத்து அங்கயே நின்னுடும். மழைதான் நம்மளத் தேடி வரும்” என்று வீடு வீடாகச் சொன்னாள். மேலிடத்து உத்தரவும் வந்திருந்ததால், கரையடித் தெருவை மொத்தமாகக் காலி செய்து மேட்டுத் தெருப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றினாள்.

ஏற்றியது பெரும்பாடு. பக்கவாதத்தில் விழுந்து மூன்று வருடமாகப் படுத்தே கிடக்கும் பெரியசாமியை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிப் போனார்கள். வழியெல்லாம் வேட்டி நழுவி, தெருவே பார்க்க, அவர் கண்ணை மூடிக்கொண்டே போனார். பள்ளிக்கூடத்துக் கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் ஜெயங்கொண்டத்தில் இருந்தார். ஆடுமாடுகளுக்கு இடமே இல்லை. பட்டியிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னார்கள்.

புயல் என்ன நினைத்ததோ, வடக்கே திரும்பி ஆந்திராப் பக்கம் போய்விட்டது. இலுப்பைக்காட்டில் வெயில் அடித்தது. இரண்டாம் நாள் காலையில் கொளஞ்சி திரும்பி வந்து பார்த்தபோது பட்டியின் படல் சாய்ந்து கிடந்தது. தெருநாய்கள் புகுந்து இரண்டு குட்டிகளைக் குதறிப் போட்டிருந்தன. அவர் அவற்றைப் புதைத்துவிட்டு வந்து, மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. தெரு அந்த வராத புயலுக்குத் தலையாரிப் புயல் என்று பெயர் வைத்துச் சிரித்தது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

நாலாம் நாள் வளர்மதி வந்தாள். கையில் ஒரு நோட்டு. முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வாசலாக நின்று கேட்டுக்கொண்டு வந்தாள். சிலர் வைதார்கள், சிலர் கதவைச் சாத்தினார்கள். பெரியசாமியின் மனைவி அம்மாக்கண்ணு அழுதுவிட்டாள். கொளஞ்சி பட்டியில் தழை கட்டிக்கொண்டிருந்தார். திரும்பாமலே எதற்கு மறுபடி வந்தாய் என்று கேட்டார்.

“என்னென்ன கொறன்னு கேட்டுட்டுப் போவத்தான் வந்தேன்ண்ணே.”

“ஆட்டுக்கு எடமில்லாத எடத்துக்கு நான் வர மாட்டேன். எழுதிக்க. தண்ணி வந்து முங்கினாலும் இந்தப் பட்டியிலதான் கெடப்பேன். அதையும் எழுதிக்க.”

அவள் இரண்டையும் எழுதினாள். பிறகு எத்தனை ஆடு இருக்கிறது என்று கேட்டாள்.

“இருவத்திரெண்டு. போன வாரம் இருவத்திநாலு.”

“தெரியும்ண்ணே” என்றாள். தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அதையும் எழுதிக்கொண்டு போனாள். நம்மைப் பற்றி மேலே புகார் கொடுக்கத்தான் எழுதுகிறாள் என்று கொளஞ்சி நினைத்தார்.

அடுத்த ஒரு மாதம் அவள் செய்தவற்றைக் கொளஞ்சி பார்த்தார். பார்த்தாரே தவிர, என்ன என்று யோசிக்கவில்லை. நூறு நாள் வேலைக்காரர்களை வைத்து, கலிங்கிலிருந்து உபரித் தண்ணீர் வெளியேறுகிற வாய்க்காலில் மண்டிக் கிடந்த காட்டாமணக்கை வேரோடு பிடுங்கினாள். அந்த வேலையை அந்த இடத்துக்கு வாங்குவதற்காக ஒன்றிய ஆபீசுக்கு ஆறு தடவை நடந்தாள் என்று பஞ்சவர்ணம் சொன்னாள். கலிங்குத் தூணில் ஒரு அடிக்கு ஒரு கோடாகச் சிவப்புப் பெயிண்டில் தானே குனிந்து இழுத்தாள். பள்ளிக்கூடத்துச் சாவியில் இரண்டு நகல் செய்து ஒன்றைச் சத்துணவு ஆயாவிடமும் ஒன்றைத் தன் இடுப்பிலும் வைத்துக்கொண்டாள். மேட்டுத் தெருவில் அறுவடை இல்லாத காலத்தில் சும்மா கிடக்கும் நெல் கொள்முதல் கொட்டகை இருந்தது. அதன் திறந்த பக்கங்களுக்கு மூங்கில் தட்டி கட்டவைத்தாள். யாருக்கு என்று கேட்டபோது, கரையடித் தெரு ஆடுகளுக்கு என்றாளாம்.

பஞ்சவர்ணம் அதைச் சொன்னபோது கொளஞ்சி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நாய் புகாத தட்டியா என்று மட்டும் கேட்டார். கீழே ஒரு முழத்துக்குக் கம்பி வலை அடித்திருக்கிறாள் என்றாள் பஞ்சவர்ணம். ஆனாலும் அவருக்கு மனசு இறங்கவில்லை. செத்த குட்டி ரெண்டும் கண்ணுக்குள்ளேயே நின்றன.

கார்த்திகை கடைசியில் இன்னொரு புயல் வந்தது. ஏரி அதற்குள் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. இந்தத் தடவை டிவியில் அவ்வளவு பரபரப்பு இல்லை. கடலிலேயே வலுவிழந்து, வெறும் தாழ்வு மண்டலமாகத்தான் கரையேறும் என்றார்கள். வெள்ளிக்கிழமை மாலையில் வளர்மதி மொபெட்டில் வந்து, யாரும் தொலைவாகப் போக வேண்டாம், ஆடுமாடுகளை அவிழ்க்கத் தோதாகக் கட்டுங்கள் என்று சொல்லிப் போனாள். கொளஞ்சி அதற்கு முன்பே கிளம்பிவிட்டிருந்தார். மறுநாள் எறையூரில் சிவரஞ்சனியின் பிள்ளைக்கு முப்பதாம் நாள். பிரசவத்தின்போது பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் பஞ்சவர்ணம் கிடந்து பார்த்துவிட்டு வந்திருந்தாள். இப்போது ஆட்டோடு அவள் இருக்க, அவர் போவது என்று பேச்சு.

சனிக்கிழமை காலை எறையூரில் பளிச்சென்று வெயில். சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்கள் வாசலில் ஊர்ந்து போய்க்கொண்டிருந்தன. கொளஞ்சி பேரனை மடியில் வைத்துக்கொண்டு, சம்பந்தி வீட்டுக்காரர்களிடம் போன புயல் கதையைச் சொல்லி, எங்க ஊருத் தலையாரி வானிலை ஆபீசுக்கே பாடம் எடுப்பாள் என்று எல்லோரையும் சிரிக்கவைத்தார். பதினோரு மணிக்குப் போன் வந்தது. பஞ்சவர்ணம்.

ஆட்டையெல்லாம் கிளப்பி மேட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாயிற்று, நானும் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறேன் என்றாள் அவள். பின்னால் மழைச் சத்தம் தகரத்தில் கொட்டுவதுபோலக் கேட்டது. கொளஞ்சிக்கு அது காதில் விழவே இல்லை. என்னைக் கேட்காமல் எப்படி ஆட்டை அவிழ்த்தாய் என்றார். நீ பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தால் கொட்டகையில் ஆட்டை யார் பார்ப்பது என்றார். டிவியில் புயலே இல்லை என்கிறான், அந்தப் பொண்ணு சொன்னாள் என்று நீயும் ஆடுகிறாயா என்றார். எதிர்முனையில் பஞ்சவர்ணம் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள், போன் துண்டித்துப்போனது. மறுபடி அடித்தால் போகவில்லை.

விருந்துச் சோற்றுக்குக்கூட நிற்காமல் பஸ் ஏறிவிட்டார். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அரியலூர் வண்டிக்குக் காத்திருந்தபோது, கடை டிவியில் வலுவிழந்தது, வலுவிழந்தது என்று எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மேகம்கூட இல்லை. வழியெல்லாம் வளர்மதியிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தார். ஒரு ஆட்டுக்கு ஏதாவது ஆகியிருக்கட்டும், தாசில்தார் வரைக்கும் போய்விடுவது என்று முடிவு செய்தார்.

அரியலூர் நெருங்கும்போது வானம் மங்கியது. சிமெண்ட் லாரிகள் சாம்பல் நிறச் சேற்றைத் தெறித்துக்கொண்டு வரிசையாக நின்றன. தூறல் ஆரம்பித்திருந்தது. பஸ் மாறி ஜெயங்கொண்டத்தைத் தொட்டபோது அதைத் தூறல் என்று சொல்ல முடியாது. கண்டக்டர் ஷட்டரை இறக்கச் சொன்னார். காற்றே இல்லை. ஒரு கிளை அசையவில்லை. வானம் மொத்தமும் ஒரே இடத்தில் வந்து நின்றுகொண்டு, அவசரமே இல்லாமல், நேராகக் கீழே ஊற்றிக்கொண்டிருந்தது. கூட உட்கார்ந்திருந்த ஒரு பெண், விடியலிலிருந்து இப்படியேதான் என்றாள். கொளஞ்சி அடுக்கி வைத்திருந்த கேள்விகள் ஒவ்வொன்றாக மறந்துகொண்டே வந்தன. மீன்சுருட்டியில் இறங்கியபோது கடைவீதியில் முழங்கால் தண்ணீர். மணி மூன்று ஆகியிருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். அந்த மூன்று கிலோமீட்டரில் அவர் நினைத்ததெல்லாம் ஒன்றுதான்: பஞ்சவர்ணம் பள்ளிக்கூடத்தில் இருக்கிறேன் என்றாளே.

கொட்டகைக்குத்தான் முதலில் போனார். உள்ளே ஈரம் படாத தரையில் தெருவின் ஆடுகள் அத்தனையும் நின்றன. அவருடைய ஆடுகளின் கழுத்தில் மட்டும் ஒரு நீலத் துணி கட்டியிருந்தது, மற்றவர்களுடையவற்றோடு கலந்துவிடாமல் இருக்க. எண்ணிப் பார்த்தார். இருபத்திரண்டு. ஒரு மூலையில் தழை குவித்திருந்தது. வாசலில் ஒரு சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு பஞ்சவர்ணம் உட்கார்ந்திருந்தாள்.

“இருவத்திரெண்டும் இருக்கு. எண்ணியாச்சா?” என்றாள் அவள்.

அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்போதுதான் காலையில் நடந்ததை அவள் சொன்னாள்.

எட்டரை மணிக்கு மழைமானியைப் பார்த்தபோது நூற்றுப் பத்து மில்லிமீட்டர் இருந்ததாம். வளர்மதி அதை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. அங்கேயே நின்று ஒன்பது மணிக்குப் பார்த்தாள், ஒன்பதரைக்குப் பார்த்தாள். அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும் அறுபது. கலிங்குத் தூணில் தண்ணீர் மணிக்கு நாலு விரல் ஏறிக்கொண்டிருந்தது. விஏஓ மணிவண்ணன் சார் உடையார்பாளையத்தில் கூட்டத்தில் இருந்தார். அவருக்குப் போன் போட்டபோது, காலி பண்ணச் சொல்லி உத்தரவு ஒன்றும் வரவில்லையே, புயல்தான் போய்விட்டதே, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டாராம். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கேட்கும்படி அவள் சொன்னது இதுதான்:

“புயல் போயிடுச்சு சார். மழை போவல. நான் தெருவைக் கெளப்புறேன். தப்பாப் போனா எம்பேர எழுதுங்க.”

அவர், உங்க பேரை எதற்கு எழுதுவது, என் பேரையே எழுதிக்கொள்ளட்டும், கிளப்புங்கள் என்றாராம்.

பெரியசாமிக்குத்தான் முதல் வண்டி. ஊரில் சரக்கு ஏற்றும் அறிவழகனின் குட்டியானை வண்டியில் மெத்தை விரித்து, நாலு பக்கமும் சேலை கட்டி மறைத்து, தெரு ஜனம் வெளியே வருவதற்கு முன்பாகவே கொண்டுபோய்விட்டாள். பெரியசாமி பள்ளிக்கூடத்தில் இறங்கியபோது, வாய் கோணினாலும் தெளிவாக, யாரும் பாக்கல என்று அம்மாக்கண்ணுவிடம் சொன்னாராம். அடுத்து பிள்ளைத்தாய்ச்சிகள், கைக்குழந்தைக்காரிகள். அதற்கடுத்து ஆடுமாடு. மனிதர்கள் கடைசி. ஆடுமாடு போய்விட்டால் மனுசன் தானாகப் பின்னால் வந்துவிடுவான் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். அப்படியே நடந்தது. ஐப்பசியில் ஒரு பகல் முழுக்க எடுத்த வேலை இந்தத் தடவை இரண்டரை மணி நேரத்தில் முடிந்தது. வர மாட்டேன் என்று நின்ற மூன்று வீட்டு வாசலிலும் அவள் சண்டை போடவில்லை. ஐப்பசியில் நீங்கள் சொன்ன குறை இது, அதைச் சரி பண்ணிவிட்டேன், வந்து பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் நானே திருப்பிக் கொண்டுவந்து விடுகிறேன் என்றாளாம்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த கொளஞ்சிக்கு, அவள் நோட்டில் எழுதியது புகார் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் இப்போது எங்கே என்று கேட்டார். ஏரிக்கரையில் என்றாள் பஞ்சவர்ணம்.

அவர் எழுந்து நடந்தார்.

கரையில் இருபது பேர் இருந்தார்கள். மணல் மூட்டை கை மாறிக்கொண்டிருந்தது. ஏரி கடல்போல, கரையின் விளிம்புக்கு இரண்டடி கீழே, அசையாமல் நின்றது. வாய்க்கால் சுத்தமாக இருந்ததால் கலிங்கில் தண்ணீர் சீறிக்கொண்டு வெளியேறியது. காட்டாமணக்கு மண்டியபடியே இருந்திருந்தால் மதியத்துக்குள்ளேயே கரை வழிந்திருக்கும் என்று ஒருவர் சொன்னார். வளர்மதி கரையின் வெளிப்பக்க அடியில், கொளஞ்சியின் வீட்டுக்கு நேர் மேலே, ஒரு இடத்தில் குந்தியிருந்தாள். புடவையைத் தூக்கிச் செருகி, மேலே ஆண்பிள்ளைச் சட்டை ஒன்று போட்டிருந்தாள். கால் விரல்கள் ஊறி வெளுத்துப் போயிருந்தன. அவரைப் பார்த்ததும் பிளாஸ்டிக் பைக்குள்ளிருந்து நோட்டை எடுத்துப் பிரித்து ஒரு டிக் போட்டாள்.

“நூத்தி இருவத்தஞ்சு பேரு மேல இருக்காங்க. உங்க பேருக்கு நேரா எறையூருன்னு எழுதி வச்சிருந்தேன். வந்துட்டீங்க. இப்ப சரியாப் போச்சு.”

அவர் அடுக்கி வைத்திருந்ததில் ஒன்றுகூட இப்போது நினைவுக்கு வரவில்லை. என்ன பண்ண வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

கரையின் அடியில் கட்டை விரல் அளவுக்கு ஒரு ஊற்று கிளம்பியிருந்தது. அதைச் சுற்றி அரைவட்டமாக மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஊற்றை அடைக்கக் கூடாது, சுற்றிக் கட்டித் தண்ணீரை ஏறவிட்டால் அதன் வேகம் குறையும் என்று பொதுப்பணித் துறை ஓவர்சியர் ஒருவரிடம் கேட்டு வைத்திருந்தாள். கொளஞ்சியும் வரிசையில் நின்றார். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அவள் கையைக் குவித்து அந்த ஊற்றில் தண்ணீர் மொண்டு, டார்ச் வெளிச்சத்தில் பார்த்தாள். ஏன் என்று அவர் கேட்டபோது, தெளிந்த தண்ணீர் வரும்வரை பயமில்லை, கலங்கி வந்தால் உள்ளே கரை மண்ணைத் தின்கிறது என்று அர்த்தம் என்றாள்.

முக்கால் மணி நேரம் அப்படியே போனது. மூட்டை இடுப்பளவுக்கு ஏறியது. கொளஞ்சிக்கு நம்பிக்கை வந்துவிட்டது. தன் வீட்டு ஓடு கீழே தெரிந்தது, பட்டி தெரிந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மூட்டையைத் தூக்கித் தூக்கிப் போட்டார். ஐந்து மணிக்கு வளர்மதி மறுபடி தண்ணீர் மொண்டாள். டார்ச்சை அடித்துப் பார்த்தாள். கையை உதறிவிட்டு இன்னொரு தடவை மொண்டாள். டீ நிறத்தில் இருந்தது.

அவள் எழுந்து நின்றாள். எல்லோரும் மூட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கலிங்குக்கு அந்தப்பக்கம் செம்மண் மேட்டுக்குப் போங்கள் என்றாள். யாரும் உடனே நகரவில்லை. முக்கால் மணி நேரம் உயிரைக் கொடுத்துக் கட்டியதை அப்படியே விட்டுவிட்டுப் போக யாருக்கும் கால் வரவில்லை. கொளஞ்சிக்கு அறவே வரவில்லை.

“இன்னும் நாப்பது மூட்டை போட்டா நின்னுரும், தங்கச்சி. கீழ என் வூடு இருக்கு.”

“தெரியும்ண்ணே. எல்லார் வூடும் இருக்கு. வூட்டத் திரும்பக் கட்டிக்கலாம். ஏறுங்க.”

குரலை அவள் உயர்த்தவில்லை. ஆனால் அவர் அந்தக் குரலைக் கேட்டு மூட்டையைக் கீழே வைத்தார். அவர் வைத்ததைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள். அவள் ஒவ்வொருவராக முன்னால் விட்டு, பேர் சொல்லி எண்ணி, கடைசியாகத் தான் வந்தாள். கலிங்கின் நடைபாலத்தில் காலுக்கடியில் தண்ணீர் உறுமியது. மேட்டில் ஏறியதும் திரும்பவும் எண்ணினாள். இருபத்தொன்று, அவளோடு இருபத்திரண்டு.

பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. ஒருவன், விட்டு வந்திருக்க வேண்டாமோ என்று முணுமுணுத்தான். வளர்மதியின் உதடு லேசாக நடுங்குவதைக் கொளஞ்சி பக்கத்திலிருந்து பார்த்தார். குளிரா பயமா என்று அவருக்குத் தெரியவில்லை. அவளுக்கும் பயம் உண்டு என்பதே அவர் அன்றுவரை நினைத்துப் பார்க்காத விஷயமாக இருந்தது.

அப்புறம் கரை அமுங்கியது. வெடிக்கவில்லை, சத்தம்கூடப் பெரிதாக இல்லை. அவர்கள் நின்றிருந்த அதே இடம், அடுக்கிய மூட்டைகளோடு, களைத்துப்போன ஆள் உட்காருவதுபோல மெதுவாகக் கீழே இறங்கியது. அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. பத்தடி அகலத்துக்கு ஏரி தெருவுக்குள் இறங்கியது. கொளஞ்சியின் பட்டி ஒரு நொடியில் காணாமல் போனது. வீட்டுச் சுவர் ஒன்று நின்று, யோசித்து, விழுந்தது. ஓடுகள் மிதக்காது என்பதை அவர் அறிவார். ஆனாலும் அவை தண்ணீரில் போய்க்கொண்டிருப்பதுபோலவே அவர் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த முனையிலிருந்து வரிசையாகப் பதினேழு வீடுகள் சாய்ந்தன. மீதி வீடுகளில் ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர் நின்றது.

மூட்டை போட்ட இருபது பேரும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டியில்தான் கிடப்பேன், எழுதிக்கொள் என்று தான் சொன்னது கொளஞ்சிக்கு நினைவு வந்தது. அவர் ஆடுகளை நினைத்தார். அந்தச் சேற்றுத் தண்ணீருக்குள் பஞ்சவர்ணம் பட்டிப் படலைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல ஒரு படம் மனசில் வந்தது. உட்கார்ந்துவிட்டார்.

வளர்மதி பக்கத்தில் வந்து அவரும் நனையாதபடி ஒரு தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருவரும் ஏற்கெனவே தொப்பலாக நனைந்திருந்ததால் அதனால் பிரயோசனம் ஒன்றும் இல்லை. போன் எடுத்து மணிவண்ணன் சாரிடம் பேசினாள். கரை போய்விட்டது, உயிருக்கு ஒன்றும் இல்லை, நூற்றிருபத்தாறு பேரும் மேலே, வாய்க்கால் போகும் வழியில் அடுத்த ஊருக்கு உடனே சொல்லுங்கள் என்று நாலே வாக்கியம். பேசி முடித்ததும் போனைச் சட்டைப் பையில் போட முயன்றாள். கை விறைத்துப் போயிருந்ததால் மூன்று தடவை தவறியது. கொளஞ்சி வாங்கிப் போட்டுக்கொடுத்தார்.

அன்றிரவு பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயா பெரிய அண்டாவில் சாம்பார் சாதம் கிளறியிருந்தார். எல்லோரும் சாப்பிட்டார்கள். தங்கள் வீடு விழுந்துவிட்டது என்பது தெரிந்தவர்கள் தட்டைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். வளர்மதி வகுப்பறை வகுப்பறையாகப் போய் யாருக்குக் காய்ச்சல், யாருக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் சாப்பிடவில்லை என்பதைப் பஞ்சவர்ணம்தான் கவனித்தாள். கொளஞ்சி ஒரு தட்டில் சோறு வாங்கிக்கொண்டு போய், அவளை ஒரு பெஞ்சில் உட்காரச் சொல்லி, சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே நின்றார். ஐப்பசியில் நான் பேசியதை மனசில் வைத்துக்கொள்ளாதே என்று சொல்ல நினைத்தார். வாயில் வந்தது வேறு.

“நல்லாச் சாப்புடு. நாளைக்கி எட்டரை மணிக்குப் போயி மழைய அளக்கணும்ல.”

அவள் வாயில் சோற்றோடு சிரித்தாள். அன்றைக்கு முதல் தடவையாக அவள் சிரித்தது அப்போதுதான்.

இரண்டு நாள் கழித்து மேலே இருந்து அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். விழுந்த வீடு எத்தனை, இறந்த கால்நடை எத்தனை, உயிர்ச்சேதம் எத்தனை என்று கேட்டுக் கேட்டு ஒருவர் படிவத்தில் நிரப்பினார். கடைசி இரண்டு கட்டத்திலும் ஒன்றுமில்லை என்று வளர்மதி சொன்னாள். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, கரை உடைந்த இடத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லையா என்று கேட்டார். ஒரு ஆட்டுக்குட்டிகூட இல்லை சார் என்று கொளஞ்சி முந்திக்கொண்டார். டிவிக்காரர்கள் யாரும் வரவில்லை. ஆள் சாகாத ஊருக்கு வருவதற்கு அவர்களுக்கு நேரம் இருந்திருக்காது.

தை பிறந்தபோது கரையில் மண் கொட்டிக்கொண்டிருந்தார்கள். விழுந்த வீடுகளுக்கு மேட்டில் இடம் கொடுப்பதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. முடிவாகவில்லை. கொளஞ்சியும் பஞ்சவர்ணமும் அதுவரை கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு கொட்டாய் போட்டுத் தங்கியிருந்தார்கள். பேரனைத் தூக்கிக்கொண்டு சிவரஞ்சனி பார்க்க வந்தாள். வீடு இருந்த இடத்தைப் பார்த்து அவள் கண் கலங்கியது. கொளஞ்சி பேரனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு அவளை ஏரிப் பக்கம் அழைத்துப்போனார். எந்த இடத்தில் நின்றோம், எங்கே ஊற்று கிளம்பியது, எந்த வழியாக ஏறினோம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். ஏற்கெனவே மீன்சுருட்டி டீக்கடையிலும் ஜெயங்கொண்டம் சந்தையிலும் பலமுறை சொன்ன கதைதான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கலங்கிய தண்ணீர் வருகிற இடத்தில் அவர் கொஞ்சம் நிறுத்துவார்.

“அந்தத் தண்ணியப் பாத்ததும் எங்களுக்கெல்லாம் மூட்டை போடணும்னுதான் தோணுச்சும்மா. அவளுக்கு மட்டுந்தான் எங்கள எண்ணணும்னு தோணுச்சு” என்றார்.